குத்து பிறக்கும் இடம்

குத்துச்சண்டையில் வெற்றி பெறுபவன் பருத்த புயங்களை உடையவனே என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். மேடையில் ஏறும் இளைஞனைக் கண்டதும் நமது கண்கள் அவனுடைய தோளையும் கையையுமே அளவெடுக்கின்றன. கால்களை நோக்குவார் இலர். இக்கலையை நன்கறிந்த ஆசிரியரோ, புதிதாக வந்த மாணவனின் பாதங்களையே முதலிற் பார்க்கின்றார். அதன் காரணத்தை அறிய, ஓர் இரவில் நடந்த போட்டியைச் சற்று நினைவுகூருவோம்.

1952ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், உலக அதிபாரப் பட்டத்துக்காக ஜேர்சி ஜோ வோல்கொற்றும் றொக்கி மார்சியானோவும் மோதினர். பட்டத்தை வைத்திருந்த வோல்கொற்றுக்கு வயது 38; மார்சியானோவுக்கு 29. உயரத்திலும் நிறையிலும் கைநீளத்திலும் வோல்கொற்றே மிஞ்சியவர். மார்சியானோவின் கைகளோ அதிபார வீரர் ஒருவருக்கு மிகக் குட்டையானவை. இரு கைகளையும் விரித்தாலும் 70 அங்குலம் வராது. முதற் சுற்றிலேயே அவர் வீழ்த்தப்பட்டார். தொழில்முறைப் போட்டியொன்றில் அவர் கீழே விழுந்தது அதுவே முதன்முறை. பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபொழுது மத்தியஸ்தர் மூவரின் கணக்கிலும் வோல்கொற்றே முன்னின்றார். எஞ்சியவை மூன்று சுற்றுகள். எதிரியை வீழ்த்தினாலன்றி மார்சியானோவுக்குப் பட்டமில்லை.

13ஆஞ் சுற்றுத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகுமுன் வோல்கொற் கயிற்றோரம் பின்வாங்கினார். இருவரும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வலக்கையை விடுத்தனர். மார்சியானோவின் முட்டி முந்திக்கொண்டது. வோல்கொற் ஒரு கை கயிற்றிலே தொங்க, முழந்தாளிட்டுச் சரிந்தார். பத்து எண்ணி முடியும்வரை அவர் எழவில்லை.

அந்தப் போட்டியின் படத்தைப் பார்ப்போர் வியப்பது ஒன்றுண்டு. அது கையைப் பின்னே ஓங்கி வீசிய குத்தன்று. முட்டி சென்ற தூரம் மிகச் சொற்பம். அவ்வளவு குறுகிய பாதையில் அத்துணை விசை எங்கிருந்து வந்தது?

நிலத்திலிருந்து வந்தது என்பதே விடை. வலக்கை வழக்கமுடைய ஒருவன் இடக்காலை முன்னும் வலக்காலை பின்னும் வைத்து நிற்கின்றான். பின்காலின் குதி சற்றே உயர்ந்திருக்கும். முழங்கால்கள் சிறிது மடிந்திருக்கும். குத்த நினைத்ததும் அவன் முதலிற் செய்வது கையை நீட்டுவதன்று. பின்காலின் முன்பாதத்தால் நிலத்தை உதைப்பதே. நிலம் அந்த உதையைத் திருப்பித் தருகின்றது. குதி வெளியே திரும்ப, முழங்கால் உள்ளே திரும்புகின்றது. அதனோடு இடுப்பும் எதிரியை நோக்கிச் சுழல்கின்றது. இடுப்பின் பின்னே மார்பும், மார்பின் பின்னே தோளும் வருகின்றன. கை புறப்படுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். இடப்பக்கம் மட்டும் கதவின் பிணைச்சலைப் போல அசையாது நிற்கவேண்டும். அது தளர்ந்தால் கதவு சாத்தப்படுவதில்லை, வெறுமனே ஆடுகின்றது.

உடலின் மிகப் பெரிய தசை பிட்டத்தில் உள்ளது; தொடைத் தசைகளும் புயத் தசைகளினும் பன்மடங்கு பெரியவை. இவற்றை உறங்கவிட்டுக் கையை மட்டும் ஏவுவது, வண்டியிற் பூட்டிய மாடுகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுக்கப் புகுவதை ஒக்கும்.

இவ்வுண்மையை எழுத்தில் விளக்கியவர்களுள் ஜக் டெம்சி முதன்மையானவர். 1919ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, தம்மிலும் ஏறத்தாழ 60 இறாத்தல் நிறை கூடிய ஜெஸ் வில்லார்டை முதற் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தியவர் இவர். 1950இல் வெளிவந்த தமது நூலிலே, மாடி யன்னலிலிருந்து ஒரு குழந்தை கீழே நிற்பவனின் தலைமீது விழுந்தால் என்ன நிகழும் என்று வினவுகின்றார். உவமை சற்றுக் கொடூரமானதுதான்! ஆயினும், அசைகின்ற நிறையே அடியாகின்றது என்ற அவருடைய கருத்து அதனால் மறக்கவொண்ணாததாகின்றது. முன்காலைச் சிறிது தூக்கி உடலை முன்னோக்கி விழவிடுவது, பின்காலால் உந்துவது, தோள்களைச் சுழற்றுவது, கீழிருந்து மேலெழுவது என்று நிறையை அசைக்கும் வழிகளை அவர் வகுத்துக் காட்டினார்.

பிற்காலத்தில் விஞ்ஞானிகளும் இதனை அளந்து பார்த்தனர். 1985இல் வெளியான சோவியத் ஆய்வொன்றில் 120 வீரர்கள் சோதிக்கப்பட்டனர். தேர்ந்த வீரரின் குத்தில் கால்களின் பங்கு ஏறக்குறைய 38 சதவீதம். கையின் பங்கு 24 சதவீதமே. கீழ்நிலை வீரரிடத்திலோ கால்களின் பங்கு 17 சதவீதத்தையும் எட்டவில்லை. கையின் பங்கோ அவர்களிடத்திற் கூடியிருந்தது.

1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியிலே பர்னி ஹென்றிகஸ் தங்கப் பதக்கம் வென்று இலங்கைக்குப் புகழ் தேடித் தந்த கலை இது. இதனைப் பயில விரும்பும் மாணவர், முதற் சில நாட்கள் கையுறையைத் தொடாமலிருத்தல் நன்று. இரு கைகளையும் மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, நிலைக்கண்ணாடியின் முன் நின்று பாதத்தையும் இடுப்பையும் மட்டும் திருப்பிப் பழகலாம். பின்பு மெதுவாகக் கையைச் சேர்க்கலாம். இங்கே பிழைகள் பல நேரும். குதியை நிலத்திலே பதித்தபடி இடுப்பைத் திருகினால் முழங்கால் நோகும். பின்காலை நிலத்தைவிட்டு முற்றாகத் தூக்கினால் உந்துவதற்கு ஒன்றுமில்லாது போகும். தலை முன் முழங்காலைத் தாண்டிச் சாய்ந்தால் எதிரிக்கு வேலை மிச்சம். கை போன பிறகு இடுப்புத் திரும்புவதே யாவற்றிலும் பெரிய பிழை; பார்வைக்கு அழகாயிருக்கும், பயன் இராது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். இடுப்பிலிருந்து வரும் குத்து உண்மையிலேயே வலியது; தலையில் விழும் அடிகள் மூளைக்குத் தீங்கு செய்வன என்பதில் மருத்துவர்களிடையே ஐயமில்லை. ஆதலின் பிள்ளைகள் இப்பயிற்சியை மணல் மூட்டையிலே செய்வதோடு அமைவதும், தகுந்த ஆசிரியர் அருகிலிருக்கச் செய்வதுமே முறை. இதனைச் சொல்லாமல் விடுவது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

கையில் குறையுடையவனும் இம்முறையால் உயரலாம் என்பதற்கு ஜோ பிறேசியர் சாட்சி. தென் கரோலினாவிலே, சிறுவனாயிருந்தபொழுது, பன்றியொன்று துரத்த ஓடி விழுந்து இடக்கையை முறித்துக்கொண்டார். முறையான வைத்தியம் கிடைக்கவில்லை. அதன்பின் அந்தக் கை முற்றாக நேரே நீளவேயில்லை. பக்கவாட்டில் வளைந்து வரும் ‘ஹூக்’ குத்துக்கு நேரான கை வேண்டியதில்லை. மடிந்த முழங்கையும் சுழலும் இடுப்பும் போதும். பிறேசியர் முழங்கால்களை மடித்துத் தாழ்ந்து தாழ்ந்து முன்னேறி, அந்தத் தாழ்விலிருந்து எழும்போதே இடக்கையை விடுப்பார். 1971 மார்ச் 8ஆந் திகதி, நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குயர் கார்டனில், பதினைந்தாவதும் இறுதியுமான சுற்றில் அந்தக் கை முகம்மது அலியின் தாடையிற் பட்டது. அலி மல்லாந்து விழுந்தார். உடனே எழுந்தும் விட்டார். ஆயினும் மத்தியஸ்தர் மூவரும் பிறேசியருக்கே வெற்றியை அளித்தனர்.