எந்தக் கச்சேரிக்குப் போவது? கொச்சி ரசிகர்களின் கார்த்திகைக் கணக்கு

கொச்சி: கார்த்திகை பிறந்தால் கொச்சி வட்டாரத்துச் சங்கீத ரசிகர்களுக்கு ஒரு தர்மசங்கடமும் கூடவே பிறந்துவிடுகிறது. மலையாளத்தில் விருச்சிகம் எனப்படும் இந்த மாதத்தில் திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலின் எட்டு நாள் உற்சவமும், குருவாயூரில் 15 நாள் நடைபெறும் செம்பை சங்கீத உற்சவமும் பெரும்பாலும் ஒரே வேளையில் வந்து சேருகின்றன. இவை முடிந்து மூச்சுவிடுவதற்குள் சென்னையில் சபாக்களின் மேடைகள் தயாராகிவிடும். விடுப்பும் பணமும் அளவோடு உள்ளவர், இவற்றில் எதைக் கேட்பது, எதை விடுவது?

கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த கும்பளங்கியில் இருப்பவருக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. சீன வலைகளுக்கும் மாதிரிச் சுற்றுலா கிராமம் என்ற பெயருக்கும், 2019-ல் வெளிவந்த 'கும்பளங்கி நைட்ஸ்' திரைப்படத்துக்கும் பேர்போன ஊர் இது. பக்கத்து மட்டாஞ்சேரியிலோ கஜல் பாட்டுக்குத்தான் செல்வாக்கு. 2018-ல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயி அம்மண்ணைச் சேர்ந்தவர். முழுநீளக் கர்நாடக இசைக் கச்சேரி வேண்டுமெனில் காயலைக் கடந்து எர்ணாகுளத்துக்கோ அதற்கு அப்பாலோ போயாக வேண்டும். கச்சேரியின் தரத்தோடு இரவில் வீடு திரும்பும் வழியையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

அந்த வகையில் திருப்பூணித்துறைக்கே முதலிடம். 2024 மார்ச் மாதம் கொச்சி மெட்ரோ ரயில் திருப்பூணித்துறை வரை நீட்டிக்கப்பட்ட பிறகு, எர்ணாகுளம் வரை வந்துவிட்டவருக்கு மீதிப் பயணம் எளிது. கட்டணம் கிடையாது. ஆனால், இதைச் சபாக் கச்சேரியாக நினைத்துச் செல்பவர் ஏமாறக் கூடும். 15 யானைகள் அணிவகுக்க, செண்டை மேளம் முழங்கும் அதே உற்சவத்தில்தான் வாய்ப்பாட்டும் நடக்கிறது. பிறகு விடிய விடியக் கதகளி. கூட்டம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். எனினும், ராஜகுடும்பத்தின் ஆதரவில் தலைமுறைகளாகப் பாட்டுக் கேட்டுப் பழகிய ஊர் அது. பாடகரும் சற்றுத் தாராளமாகவே பாடுவார்.

குருவாயூரின் கதை வேறு. பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த செம்பை வைத்தியநாத பாகவதர் (1896-1974) நினைவாக, குருவாயூர் தேவஸ்வம் நடத்தும் இவ்விழா ஏகாதசியன்று நிறைவடைகிறது. பாகவதரின் தம்புரா அவரது ஊரிலிருந்து எடுத்துவரப்பட்டு மேடையில் வைக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் பாடுவதால் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. ஒரு ராகத்தைச் சாவகாசமாகக் கேட்க விரும்புவோருக்குப் பகல் வேளை பயன்படாது. மாலையில் நடைபெறும் சிறப்புக் கச்சேரிகளே உகந்தவை. தசமியன்று நிகழும் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரில் கேட்க இடம் கிடைப்பது அரிது. வானொலி ஒலிபரப்புவதால் அதனை வீட்டிலிருந்தும் கேட்கலாம் என்று பலர் அந்த நாளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகின்றனர். நியாயமான முடிவுதான்.

பாடகரின் பெயரைப் பாராமல் ராகத்தைப் பார்த்தே நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா (1813-1846) இயற்றிய ஒன்பது நவராத்திரி கீர்த்தனைகளில் நாளுக்கொன்று பிரதானமாகப் பாடப்பட வேண்டும் என்பது அங்கு நியதி. முதல் நாள் சங்கராபரணம், நான்காம் நாள் தோடி, ஐந்தாம் நாள் பைரவி, ஒன்பதாம் நாள் ஆரபி. யார் பாடினாலும் இது மாறாது. பைரவிப் பித்தர் ஓராண்டுக்கு முன்பே ரயில் பயணத்துக்கு முன்பதிவு செய்துவிடலாம்! அங்கே கைதட்டல் கிடையாது.

அந்த நியதிகளில் ஒன்று நெடுங்காலம் பெண்களை வெளியே நிறுத்தியிருந்தது. 2006-ல்தான் பாறசாலை பொன்னம்மாள் அந்த மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணி ஆனார். அப்போது அவருக்கு வயது 81. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை வகித்த முதல் பெண்ணும் அவரே என்பதால் கொச்சி ரசிகர்களுக்கு அது சொந்த வீட்டு நிகழ்ச்சி போன்றது. நெடுங்காலம் எட்டாதிருந்த மேடையை எண்பது கடந்த பிறகு அவர் எட்டினார். 2017-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2021-ல் காலமானார். முதுமையில் இருக்கும் கலைஞரின் கச்சேரியை 'அடுத்த ஆண்டு கேட்டுக்கொள்ளலாம்' என ஒத்திவைப்பது எத்தகைய இழப்பு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சென்னைக்கு எர்ணாகுளத்திலிருந்து ஓர் இரவுப் பயணம். 1927-ல் அங்கு நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை விழாவின் விளைவாக 1928-ல் மியூசிக் அகாதெமி தோன்றியது. இன்று டிசம்பரில் ஒரே மாலைப்பொழுதில் பல சபாக்களில் முன்னணிக் கலைஞர்கள் பாடுகின்றனர். நான்கு நாள்களுக்கு வருபவர் முன்னணிப் பெயர்களை மட்டும் துரத்தினால் டிக்கெட்டுக்கும் ஆட்டோவுக்குமே பணம் கரைந்துவிடும். பல சபாக்களில் பிற்பகலில் நடைபெறும் இளங்கலைஞர்களின் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. பாதி நாற்காலிகள் காலியாக இருக்க, அவர்கள் பாடுவதுதான் வருத்தத்துக்குரியது.

கால அளவையும் கவனிக்க வேண்டும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) வகுத்த முறையில் வர்ணத்தில் தொடங்கி ராகம் தானம் பல்லவியைக் கடந்து துக்கடாக்களில் முடிய இரண்டரை மணி நேரமாவது வேண்டும். ஒன்றரை மணி நேரக் கச்சேரியில் பல்லவியை எதிர்பார்ப்பது வீண். பக்கவாத்தியம் யார் என்று பார்க்காமல் டிக்கெட் வாங்குவதும் அவ்வாறே. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச் சாலைக்கு எழுந்து செல்பவர்களுக்கு இது பொருட்டல்லதான், மிருதங்கக்காரருக்குப் பொருட்டு.

கரோனா பரவிய 2020-ல் சென்னை மார்கழி இசை விழா இணையத்துக்கு மாறியது. அதன் பின்னர் நேரில் செல்ல இயலாதவர்களுக்கு இணைய ஒளிபரப்பு ஓரளவு துணையாக உள்ளது. ஆனால் தை பிறக்கும் வேளையில் கணக்கு மறுபடியும் சிக்கலாகிறது. திருவனந்தபுரம் குதிரமாளிகை முற்றத்தில் சுவாதித் திருநாள் கிருதிகள் மட்டுமே பாடப்படும் இலவச இசை விழா, திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, எர்ணாகுளம் சிவன் கோயில் உற்சவக் கச்சேரிகள் ஆகிய மூன்றும் ஜனவரியை ஒட்டியே வருகின்றன. கும்பளங்கிவாசிக்கு இவற்றில் கடைசியாகச் சொன்னதே அருகில்.