விமானிக்கும் நாடி பார்க்கிறார்கள்!

"எனக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார் எதிரே உட்கார்ந்திருப்பவர். கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி ஓட்டமாக ஓடும். நாடி, விழி, மொழி மூன்றும் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் அடக்கம். ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். விமானிகளின் மனச்சுமையை அளப்பவர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறார்கள்!

எதற்காக அளக்க வேண்டும்? 1972 டிசம்பரில், அமெரிக்காவின் மயாமியில் இறங்க வந்தது ஒரு விமானம். முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சின்ன விளக்கு எரியவில்லை. விமானி அறையில் எல்லோர் கவனமும் அந்த விளக்கின் மேல். விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி சுமார் நூறு பேர் இறந்தார்கள். பழுதானது பல்பு மட்டும்தான்!

இதுபோன்ற நெருக்கடியை ஆபத்தில்லாமல் தரையிலேயே உண்டாக்கிப் பார்க்க உதவுவது 'சிமுலேட்டர்'. அசல் விமானி அறை மாதிரியே இருக்கும். திடீரென்று மூடுபனி வரும். ஒரு இன்ஜின் நிற்கும். அப்போது விமானியின் இதயத்துடிப்பைக் கருவி பதிவு செய்யும். ஓய்வில் இருக்கும்போது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி சற்று முன்னே பின்னே இருப்பது இயல்பு. மனச்சுமை ஏறினால் துடிப்பு கூடும்; இந்த ஏற்ற இறக்கம் குறையும். கூர்ந்து பார்க்கும் வேளையில் கண் இமைப்பதும் குறையும்.

ஆனால், பயந்தாலும் காய்ச்சல் வந்தாலும்கூட துடிப்பு ஏறுமே? அதனால்தான் 'பறந்து' முடித்த பிறகு வாய்விட்டும் கேட்கிறார்கள். நாஸாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த சாண்ட்ரா ஹார்ட், லோவெல் ஸ்டேவ்லாண்டுடன் சேர்ந்து 1988-ல் வெளியிட்ட ஆறு கேள்விகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன:

* மூளைக்கு எவ்வளவு வேலை?
* உடம்புக்கு எவ்வளவு வேலை?
* நேர நெருக்கடி எவ்வளவு?
* எவ்வளவு நன்றாகச் செய்து முடித்தீர்கள்?
* அதற்கு எவ்வளவு பாடுபட்டீர்கள்?
* எவ்வளவு எரிச்சல், சலிப்பு?

'கனமா எதையும் தூக்கலியே, ஏன் இப்படி அலுப்பா இருக்கு?' என்று கேட்கும் தாய்மார்களே, இந்த ஆறையும் உங்களையே கேட்டுப் பாருங்கள். காலையில் குக்கர் விசில், டிபன் பாக்ஸ், பள்ளி வேன், மாமியாருக்கு மாத்திரை என எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் அதுவும் சுமைதான். நேர நெருக்கடிதான் அதிகம் என்றால் காய்கறியை முந்தின இரவே நறுக்கி வையுங்கள். எரிச்சல்தான் அதிகம் என்றால் வேலையைப் பங்கு போடுங்கள். சும்மா இருக்கும்போதும் படபடப்பு தொடர்ந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

விமானிக்கே பக்கத்தில் துணை விமானி உண்டு. உங்கள் அடுக்களையில் ஏன் இருக்கக் கூடாது?