மழைக்குறிப்பு படமாகும் வழி

சிவகங்கை மாவட்டத்தின் வடமேற்கெல்லையை ஒட்டி அமைந்த சிங்கம்புணரி, கண்மாய்களை நம்பி வாழும் நிலப்பகுதியைச் சார்ந்தது. அதற்கு அண்மையிலுள்ள பிரான்மலையே பாரியின் பறம்பு என்பது அறிஞர் பலர் கொள்கை. பறம்புநாட்டுச் சிறுகுளம் ஒன்று காப்பாரின்றி உடைவதைக் கபிலர் புறநானூற்று 118ஆம் பாட்டில் இரங்கிக் கூறுகின்றார். குளத்து நீரை ஊரார் கண்ணாற் கண்டறிந்தனர். பெய்த மழையை அளந்தெழுதி, எழுதியதைப் படமாக்கிக் காணும் வழக்கம் பிற்காலத்தது. இங்ஙனம் அளந்த குறிப்புத் தரவுத்தளத்தினின்று வரைமென்பொருளுக்குச் செல்லுங்கால் அதனுடன் எவை செல்லல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். சுவடி பதிப்பாகுங்கால் எழும் வினாக்களே இங்கும் எழுதலின், இது தமிழ் பயில்வார்க்கு முற்றும் அயலான பொருளன்று.

சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1792இல் நிறுவினர். 1796 முதல் அங்கு வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. இந்திய வானிலை ஆய்வுத்துறை 1875இல் தோன்றியது. அண்மைக் காலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஒன்றியந்தோறும் ஒரு தானியங்கி வானிலை நிலையம் என்னும் முறையில் ஒரு வலையமைப்பை வகுத்தது. சிங்கம்புணரியும் ஓர் ஒன்றியமே. இவ்வாறு கையால் எழுதிய ஏடும் கருவி அனுப்பும் குறிப்பும் இன்று ஒரே தரவுத்தளத்தில் அருகருகே இடம்பெறக் காண்கின்றோம். சிக்கல் தோன்றும் இடமும் இதுவே.

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுதி. அதன் ஒவ்வொரு வரிசையிலும் நிலைய எண், நேரம், அளக்கப்பட்ட பொருள், அளவு, தரக்குறி ஆகியன நிற்கும். வரைமென்பொருளோ அட்டவணையின் அமைப்பை அறியாது. இடமும் காலமும் மதிப்புமே அது வேண்டுவன. ஆதலின் இரண்டற்கும் இடையே ஒரு வழங்குநிரல் நின்று, கேட்ட வரிசைகளை எடுத்து, மென்பொருள் அறியும் வடிவில் மாற்றித் தருகின்றது. வானிலையாளர் பெரிதும் ஆளும் நெட்சிடிஎப் என்னும் கோப்பு வடிவம், அலகு இன்னது, காலக்கணக்கு இன்னது, விடுபட்ட மதிப்பின் குறி இன்னது என்பவற்றை எண்களோடு ஒருங்கே சுமந்து செல்ல வல்லது. வெறும் எண்களை மட்டும் காற்புள்ளியிட்டு அனுப்புதல் எளிதே. ஆயின் அஃது உரையும் குறிப்பும் களைந்த பதிப்பை ஒக்கும்.

விடுபட்ட மதிப்பை முதற்கண் கருதுவோம். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைத்தில. பதிப்பாசிரியர் அவ்வெண்களை வேறு பாட்டுகளுக்கு வழங்காமலும், 269ஐ 267 என மாற்றாமலும், இடத்தை வெறிதே விட்டனர். மழைக்குறிப்பிலும் இம்முறையே வேண்டும். கருவி பழுதுற்ற நாளில் மழை ‘இல்லை’ என்பதன்று. ‘தெரியவில்லை’ என்பதே உண்மை. இந்திய வானிலை ஆய்வுத்துறையின் கட்டமைப்புத் தரவில் மழை விடுபட்ட இடத்தில் -999 என்றும், வெப்பநிலை விடுபட்ட இடத்தில் 99.9 என்றும் குறிப்பர். இவை குறிகள் என்பதை வழங்குநிரல் சொல்லாவிடின், கொதிநிலையை எட்டிய ஒரு நாளை மென்பொருள் தயங்காது வரைந்து காட்டும். அப்பிழை எவர் கண்ணிலும் படும். விடுபட்டதைச் சுழியமாக்கும் பிழையோ கண்ணிற் படுவதில்லை. அதனால் அதுவே கொடிது. வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு குறித்த நிலையத்தின் பதிவைக் கொண்டே கணக்கிடப்படுவதால், இல்லாத சுழியம் ஒன்று உழவர் பெறும் பணத்தையே மாற்றிவிடும்.

அடுத்தது நாள். மழைமானியைக் காலை 8.30 மணிக்கு அளந்து, முந்தைய 24 மணி நேரத்து மழையை அளந்த நாளின் பெயரால் எழுதுவது இந்திய வழக்கு. அக்டோபர் 16 மாலை இடியோடு 42 மில்லிமீட்டர் பெய்தது எனக் கொள்வோம். கையேட்டில் அது 17ஆம் நாளின் மழை. மணிதோறும் அனுப்பும் கருவியின் பதிவில் 16ஆம் நாளின் மழை. இரண்டையும் ஒரே படத்தில் வரையின், ஒரு மழை இரு மழையாய்த் தோன்றும். நேரம் உலகப் பொதுக்கணக்கில் எழுதப்பட்டிருப்பின் ஐந்தரை மணி வேறுபாடும் உடன்சேரும். கருவிகள் சில, காலை 8.30 முதல் திரண்ட அளவையே மணிதோறும் அனுப்புகின்றன. அவற்றைத் தனித்தனி மழையெனக் கருதிக் கூட்டினால் தூறலும் பெருவெள்ளமாகும்.

அலகு குறித்துச் சுருங்கக் கூறுவோம். 1956ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்திற்கு முற்பட்ட ஏடுகளில் மழை அங்குலத்திலும், அதன் நூற்றிலொரு பங்காகிய சென்டிலும் காணப்படும். ஓர் அங்குலம் 25 சென்டு என்பது 31.75 மில்லிமீட்டர். அதனை 125 என்று மட்டும் தட்டச்சிட்டு அலகை விட்டால் நேர்வது விளக்க வேண்டாததே.

இனி, படத்தின் வண்ணம் பற்றி ஒன்று கூறல் வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத்துறை 6955 நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு, 1901 முதல் கால் பாகை இடைவெளியில் நாட்டின் மழையைக் கட்டங்களாக்கித் தந்துள்ளது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். ஆராய்ச்சிக்கு அது பெரும்பயன் தருவது. எனினும் சிங்கம்புணரியில் பெய்த கோடைமழை பிரான்மலையில் ஒரு துளியும் விழாமற் போதல் கூடும். மழைமானியின் வாயோ 200 சதுர சென்டிமீட்டர் அளவினது. அவ்வாயில் விழுந்ததைக்கொண்டு ஒன்றியம் முழுதும் நீலம் தீட்டுதல், ஒரே சுவடியிற் கண்ட பாடத்தை எல்லாச் சுவடிகளின் பாடமென்று கூறுதல் போன்றதாம். நிலையம் நின்ற இடத்தைப் புள்ளியாகவும், அளவை எண்ணாகவும், குறிப்பில்லா நாளை வெற்றிடமாகவும் வரைவதே தக்கது என்பது நம் கருத்து. வண்ணப்பரப்பு இன்றியமையாததாயின், எத்துணை நிலையங்களினின்று அது பெறப்பட்டது என்பதைப் படத்தின் அடியிலேயே குறித்தல் வேண்டும். அவ்வெண்ணையும் வழங்குநிரலே உடனனுப்புதல் இயலும்.