வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் லிஸ்ட் போடலாமா? மாணவர் தகவல் விஷயத்தில் ஆசிரியருக்குச் சட்டம் சொல்வது என்ன?

ராத்திரி ஒன்பது மணி. எட்டாம் வகுப்பு பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுகிறது. காலாண்டுத் தேர்வு மார்க் பதிவேடு. வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது, பாடவாரியாக மார்க்கும் இருக்கிறது. தேறாதவர்களுக்கு சிவப்பு மையில் வட்டம். 'தேங்க்ஸ் மிஸ்' என்று ஒருவர் பதில் போடுகிறார். இன்னொருவர் எதுவும் போடவில்லை. சிவப்பு வட்டம் அவருடைய பிள்ளைக்கு.

இப்படி ஒரு குரூப்பில் நீங்களும் இருப்பீர்கள். போட்டோ போட்ட ஆசிரியரைக் குற்றம் சொல்லவும் மனசு வராது. நாற்பது வீட்டுக்குத் தனித்தனியாக மெசேஜ் அனுப்ப அவருக்கு நேரம் ஏது? அந்த போன், அதில் ஓடும் டேட்டா பேக் எல்லாமே அவர் சொந்தக் காசு. ஆனாலும், ஒரு பிள்ளையின் மார்க்கை மற்ற 39 வீட்டுக்கும் காட்ட அவருக்கு உரிமை இருக்கிறதா? இது பற்றி சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

பள்ளியிடம் இருப்பது மார்க் மட்டும்தானா?

மார்க் அதில் சின்னப் பகுதிதான். பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மாவின் போன் நம்பர், வீட்டு முகவரி, குடும்ப வருமானம், சாதிச் சான்றிதழ், ஆதார், ரத்த வகை, மாற்றுத்திறன் இருந்தால் அந்த விவரம், உதவித்தொகை வாங்கினால் பேங்க் அக்கவுண்ட் வரை பள்ளியில் இருக்கும். தமிழ்நாட்டில் இவை 'எமிஸ்' தளத்தில் ஏறுகின்றன. மத்திய அரசுக்கு 'யு-டைஸ் பிளஸ்' இருக்கிறது. அதோடு 'அபார்' என்ற 12 இலக்க மாணவர் அடையாள எண்ணும் சேர்ந்திருக்கிறது. அபார் எண் உருவாக்க பெற்றோரின் ஒப்புதல் படிவம் வேண்டும். அது கட்டாயம் இல்லை என்பது மத்திய அரசே சொன்னதுதான்.

ஆதார் பற்றியும் சொல்லிவிடலாம், இன்னும் பலருக்கு இதில் குழப்பம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றது. 6 முதல் 14 வயது வரை கல்வி என்பது அடிப்படை உரிமை, அரசு கொடுக்கும் சலுகை இல்லை என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். 'ஆதார் இல்லாமல் அட்மிஷன் போட முடியாதுங்க' என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பை நினைவுபடுத்தலாம். இவ்வளவு ஏன், வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூட சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது.

புதிய சட்டம் எப்போது வருகிறது?

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின. ஒப்புதல், பாதுகாப்பு, குழந்தைகள் தகவல் பற்றிய முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே மாதம்தான் அவை முழுதாக நடைமுறைக்கு வரும்.

இந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாத எல்லோரும். பிளஸ் டூ படிக்கும் பையனும் பெரும்பாலும் குழந்தைதான், அவனுக்கே அது பிடிக்காவிட்டாலும்! குழந்தையின் தகவலைக் கையாள பெற்றோரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், கொடுத்தது உண்மையிலேயே பெற்றோர்தானா என்று சரிபார்க்கவும் வேண்டும். குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது. குழந்தையின் நலனுக்குக் கேடு வரும்படி தகவலைப் பயன்படுத்தக்கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வராது, அரசு கஜானாவுக்குத்தான் போகும். சட்டத்தில் எனக்கு உறுத்தும் இடம் இது.

பள்ளிகளுக்கு சில விலக்குகளும் உண்டு. கல்விப் பணிக்காகவோ மாணவர் பாதுகாப்புக்காகவோ பள்ளி கண்காணிக்கலாம். ஸ்கூல் பஸ் எங்கே வருகிறது என்று ஜிபிஎஸ்ஸில் பார்க்கலாம். அதேபோல அரசு உதவித்தொகை, சான்றிதழ் வழங்கும்போது தனியாக ஒப்புதல் கேட்கத் தேவையில்லாத சூழல்களும் இருக்கின்றன. ஆக, 'என் ஒப்புதல் இல்லாமல் அட்டெண்டன்ஸ் எடுக்கக்கூடாது' என்று யாரும் கிளம்ப முடியாது. ஆனால் வகுப்புக்காகத் திரட்டிய பட்டியலை வேறு ஒருவர் கையில் கொடுப்பதற்கு இந்த விலக்கு பொருந்தாது.

சரி, மார்க் லிஸ்ட் விஷயத்துக்கு வருவோம்

இதற்கு 2027 வரை காத்திருக்கத் தேவையே இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அதன் 24-வது பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியல் போடுகிறது. நேரத்துக்கு வர வேண்டும், பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடிக்க வேண்டும் என்பதோடு இன்னொன்றும் சொல்கிறது. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும்.

கவனியுங்க, அந்தப் பிள்ளையின் முன்னேற்றத்தை அந்தப் பெற்றோரிடம் சொல்வதுதான் கடமை. பக்கத்து வீட்டு அங்கிளுக்கும் சேர்த்துச் சொல்வது இதில் வராது. அதே சட்டத்தின் 17-வது பிரிவு உடல்ரீதியான தண்டனையை மட்டும் தடை செய்யவில்லை, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சிவப்பு வட்டம் போட்ட போட்டோ அந்த வரையறைக்குள் வருமா என்று கேட்டால், ஒரே ஒரு போட்டோவை வைத்து 'ஆமாம்' என்று அடித்துச் சொல்ல முடியாது. தினமும் ஒரு பிள்ளையைக் குரூப்பில் காட்டி அவமானப்படுத்தினால் கதை வேறு.

10, 12-ம் வகுப்பு பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையே தமிழ்நாடு அரசு 2017-ல் கைவிட்டது. பிள்ளைகள் மேல் ஏறும் அழுத்தம்தான் காரணம். மாநிலமே நிறுத்திய ரேங்க் லிஸ்ட் வகுப்பு குரூப்பில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மார்க்கை விட ஆபத்தானது எது?

உதவித்தொகைப் பட்டியல். 'கீழ்க்கண்ட மாணவர்கள் நாளை சாதிச் சான்றிதழ் நகல் கொண்டு வரவும்' என்று பெயர்களோடு ஒரு மெசேஜ் குரூப்பில் வந்தால், யார் என்ன சாதி என்பது ஒரே நொடியில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். எழுதியவருக்கு அது சாதாரண அலுவலக வேலை. பட்டியலில் பெயர் இருக்கும் பிள்ளைக்கு அப்படி இல்லை.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதி வெறியில் வெட்டப்பட்ட சம்பவம் நினைவிருக்கும். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, உதவித்தொகை பற்றி வகுப்பறையில் எல்லோர் முன்னாலும் அறிவிக்காமல் தலைமை ஆசிரியர் அறையில் தனியாகச் சொல்ல வேண்டும் என்பவையும் அதன் பரிந்துரைகளில் இருந்தன. வகுப்பறையில் சொல்லக்கூடாததை வாட்ஸ்அப்பில் மட்டும் போடலாமா?

தப்பு நடந்தால் ஆசிரியர் மாட்டுவாரா, பள்ளி மாட்டுமா?

தகவலை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவெடுப்பவரைத்தான் புதிய சட்டம் பொறுப்பாக்குகிறது. ஆங்கிலத்தில் அவருக்கு 'டேட்டா ஃபிடூஷியரி' என்று பெயர். தமிழ் படித்த எனக்கே இதற்கு ஒரு நல்ல சொல் கிடைக்கவில்லை, 'தகவல் பொறுப்பாளர்' என்று வைத்துக்கொள்வோம். நாம் நம்பிக் கொடுத்ததை நமக்காகப் பத்திரமாக வைத்திருப்பவர் என்பதுதான் பொருள். பள்ளி விஷயத்தில் இது நிர்வாகம் அல்லது கல்வித்துறை. மேலிடம் சொன்னபடி எமிஸில் என்ட்ரி போடும் ஆசிரியர் தலையில் 200 கோடி அபராதம் வந்து விழாது.

ஆனால் ஆசிரியரே சொந்தமாக முடிவெடுத்துப் பயன்படுத்தினால்? உதாரணத்துக்கு, பிளஸ் டூ மாணவர்களின் போன் நம்பர் லிஸ்ட்டை ஒரு கோச்சிங் சென்டருக்குக் கொடுக்கிறார். ரிசல்ட் வந்த கையோடு எங்கிருந்தோ காலேஜ் அட்மிஷன் போன் வருகிறதே, 'நம்ம நம்பர் இவங்களுக்கு எப்படிப் போச்சு' என்று எத்தனை வீட்டில் கேட்டிருப்பார்கள்! அல்லது வகுப்பில் பிள்ளைகளை ஆட வைத்து, தன் இன்ஸ்டா பக்கத்தில் ரீல்ஸ் போடுகிறார். அங்கே முடிவெடுத்தது பள்ளி இல்லை, அவரேதான். அப்போது தகவல் பொறுப்பாளர் என்ற இடத்தில் அவரை வைத்துப் பார்க்க சட்டத்தில் வழி இருக்கிறது. துறை நடவடிக்கை தனி.

நல்ல ஆசிரியர்கள் பலர் பாடம் நடத்தும் வீடியோக்களைப் போடுகிறார்கள், அவற்றால் பயனும் இருக்கிறது. பிள்ளைகள் முகம் தெரியாமல் கரும்பலகையை மட்டும் காட்டினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. முகம் தெரிந்தால் பெற்றோரிடம் கேட்டுவிடுவது நல்லது. 'ஸ்கூல்ல சேர்க்கும்போதே கையெழுத்து போட்டாங்களே' என்பது பதில் ஆகாது. எதற்காக என்று குறிப்பிட்டுக் கேட்டு வாங்கியதுதான் ஒப்புதல்.

எல்லாவற்றையும் ரகசியமாக வைக்க வேண்டுமா?

இங்கேதான் ஆசிரியர்கள் ரொம்ப கவனமாக இருக்க வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். 'பிள்ளையோட பெயர் கெட்டுடும்', 'ஸ்கூல் மானம் போயிடும்' என்று மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால், ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்த ஆசிரியர் மேல் வழக்குப் போட முடியாது, அந்தப் பாதுகாப்பும் அதே பிரிவில் இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம்.

போலீஸில் சொல்ல வேண்டும், அதே நேரம் ஸ்டாஃப் ரூமில் பேசக்கூடாது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என எந்த அடையாளத்தையும் எந்த வழியிலும் வெளியிடுவதை சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 'எந்தப் பொண்ணுன்னு தெரியுமா?' என்று குரூப்பில் ஃபார்வர்டு செய்யும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

ஆசிரியரின் தகவலை யார் காப்பாற்றுவது?

இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் 'தீக்‌ஷா' செயலி ஞாபகம் இருக்கிறதா? அதன் தகவல்கள் ஒரு கிளவுட் சர்வரில் பாதுகாப்பே இல்லாமல் ஒரு வருடத்துக்கும் மேல் கிடந்தது 2023 ஜனவரியில் வெளியில் வந்தது. அதில் இருந்தது 10 லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்களின் பெயர், போன் நம்பர், இமெயில். கூடவே சுமார் 6 லட்சம் மாணவர்களின் விவரமும். செயலியை இறக்கச் சொன்னது துறை, இறக்கியது ஆசிரியர், வெளியே கிடந்தது அவர் நம்பர்.

புதிய சட்டம் முழுதாக வந்த பிறகு இப்படி ஒரு கசிவு நடந்தால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும். ஆசிரியருக்கும்தான். ஆனால் வேலை தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் தகவலை ஒப்புதல் இல்லாமலே கையாள, வேலை கொடுப்பவரை இதே சட்டம் அனுமதிக்கிறது. அதனால் அட்டெண்டன்ஸ் செயலிக்கு முகத்தைக் காட்ட மாட்டேன் என்று மறுப்பது ஆசிரியருக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது.

எமிஸ் வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் பல காலமாகக் கேட்டு வருகின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றைத் தவிர கல்விக்குச் சம்பந்தமில்லாத வேலையில் ஆசிரியரை அமர்த்தக்கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு. மாணவர் விவரத்தைப் பதிவேற்றுவது கல்வி வேலையா இல்லையா என்பதில்தான் சிக்கல். சட்டம் அதை நேரடியாகச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், பாடவேளையில் சர்வர் கிடைக்காமல் போனைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நிற்பதைக் கல்வி வேலை என்று சொல்வது கஷ்டம்.

கடமை தவறியதாக ஓர் ஆசிரியர் மேல் நடவடிக்கை எடுப்பதாக இருந்தால், முதலில் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இதுவும் கடமைகளைச் சொல்லும் அதே 24-வது பிரிவில்தான் இருக்கிறது. ஆசிரியரின் குறைகளைத் தீர்க்க வழி வேண்டும் என்றும் அது சொல்கிறது. நிறைய ஆசிரியர்களுக்கே இது தெரிவதில்லை.

பெற்றோர் இப்போது என்ன செய்யலாம்?

உங்கள் பிள்ளையின் விவரம் குரூப்பில் வந்தால் முதலில் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்க. பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மார்க் லிஸ்ட்டை நீங்களும் வேறு குரூப்புக்கு ஃபார்வர்டு செய்யாதீங்க, அதில் இருப்பது மற்றவர் பிள்ளைகளின் பெயரும்தான். சரியாகாவிட்டால் தலைமை ஆசிரியர், அதற்கு மேல் கல்வி அலுவலர். தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித்துறையின் உதவி எண் 14417. சட்டம் முழுதாக வந்த பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம், அதற்கு முன் பள்ளியிடமே புகார் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்த முறை ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் வந்தால், தமிழில் கேளுங்க. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும் வசதியைத் தர வேண்டும் என்கிறது புதிய சட்டம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு, கொடுத்தது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமாக.