எதிரொலியின் நேரமே படமாகிறது

மனிதக் காதுக்கு எட்டும் ஒலி வினாடிக்கு 20,000 அதிர்வுகளோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலுள்ளது மீயொலி. வயிற்றையும் இதயத்தையும் கருவையும் பார்க்கும் ஸ்கேன் கருவிகள் பொதுவாக 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது வினாடிக்கு 20 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வுகள் கொண்ட ஒலியைக் கையாளுகின்றன. எக்ஸ்ரே படத்தில் பதிவது உடலைக் கடந்து மறுபக்கம் வந்த கதிர். மீயொலி ஸ்கேனில் பதிவது உள்ளே போய்த் திரும்பி வந்த எதிரொலி.

ஒலியை எழுப்புவதும் எதிரொலியைக் கேட்பதும் ஒரே பொருள்தான். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதை 1880இல் பாரிஸில் ழாக் கியூரியும் பியர் கியூரியும் கண்டறிந்தனர். மின்னழுத்தம் கொடுத்தால் அதே படிகம் சுருங்கி விரியும் என்பது அடுத்த ஆண்டே உறுதியானது. தோலின் மேல் நகர்த்தப்படும் ‘புரோப்’பின் முகப்பில் இதே பண்புள்ள பீங்கான் துணுக்குகள் நூற்றுக்கு மேல் வரிசையாக இருக்கின்றன. அவை ஒரு மைக்ரோவினாடி அளவே ஒலித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆழத்தை அறியக் கருவி அளப்பது நேரத்தை மட்டுமே. மென்திசுவில் ஒலி வினாடிக்குச் சராசரியாக 1,540 மீட்டர் செல்லும். எனவே ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்வர 13 மைக்ரோவினாடி ஆகும்; 130 மைக்ரோவினாடி கழித்து வந்த எதிரொலி 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. வந்த நேரம் புள்ளியின் இடத்தையும், எதிரொலியின் வலிமை அதன் வெளிச்சத்தையும் தீர்மானிக்கின்றன. இப்படிப் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு கோடு; நூறு கோடுகள் சேர்ந்தால் ஒரு படம். அத்தகைய படங்கள் ஒரே வினாடியில் பல வந்துபோவதால்தான் இதயம் துடிப்பது திரையில் தெரிகிறது.

எதிரொலி பிறப்பது எல்லைகளில். அடர்த்தியும் ஒலியின் வேகமும் மாறும் இடத்தில் ஒலியின் ஒரு பகுதி திரும்புகிறது. கொழுப்பும் தசையும் சேரும் இடத்தில் திரும்புவது சுமார் 1 சதவீதம்தான். மீதி ஆழத்துக்குப் போகிறது. திசுவை அடுத்துக் காற்று இருந்தாலோ 99.9 சதவீதமும் திரும்பிவிடும். அதற்கப்பால் எதுவும் தெரியாது. தோலில் ஜெல் தடவுவது இதற்காகத்தான்: புரோபுக்கும் தோலுக்கும் இடையில் துளிக் காற்றும் இருக்கக் கூடாது. அடிவயிற்று ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்கச் சொல்வதும் சடங்கு அல்ல. நிறைந்த சிறுநீர்ப்பை காற்றடைந்த குடலை ஒதுக்கித் தள்ளி, ஒலி தடையின்றிப் போகும் சன்னலாகிறது.

தடையும் தகவல்தான். பித்தப்பைக் கல் ஒலியை மறித்துவிடுவதால் அதன் பின்னே கரிய நிழல் விழும். அந்த நிழலே கல்லைக் காட்டிக்கொடுக்கும். நீர்க்கட்டிக்குள் எதிரொலி எழாது என்பதால் கட்டி கறுப்பாகவும், ஒலி குறையாமல் கடந்து சென்றதால் அதன் பின்புறம் கூடுதல் வெளிச்சமாகவும் தெரியும். கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், உலோகத்தில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியை 1955இல் அறுவையில் அகற்றப்பட்ட கட்டிகளின் மீது வைத்துப் பார்த்தபோது, நீர்க்கட்டியும் திடக்கட்டியும் வெவ்வேறாக எதிரொலித்தன. 1958இல் அவர் குழுவினர் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்தே மகப்பேற்றியல் ஸ்கேன் வேர்பிடித்தது.

அதிர்வெண் கூடினால் படம் நுணுக்கமாகும். ஆனால் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 10 சென்டிமீட்டர் போய்த் திரும்புவதற்குள், திசு உறிஞ்சுவதாலும் சிதறுவதாலும் மட்டுமே ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் தோலுக்கு அருகிலுள்ள தைராய்டுக்கு உயர்ந்த அதிர்வெண்ணும், ஆழத்திலுள்ள கல்லீரலுக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தாமதமாக வரும் எதிரொலிகளைக் கருவி கூடுதலாகப் பெருக்கியும் கொள்கிறது.

ரத்த ஓட்டத்தை அறிய உதவுவது கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் விளக்கிய விளைவு. புரோபை நோக்கி வரும் ரத்த அணுக்களின் எதிரொலி சற்று உயர்ந்த அதிர்வெண்ணிலும், விலகிச் செல்பவற்றின் எதிரொலி சற்றுத் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் திரும்பும். வழக்கமாக முன்னது சிவப்பாகவும் பின்னது நீலமாகவும் திரையில் காட்டப்படும். தமனி, சிரை என்பதற்கும் அந்த நிறங்களுக்கும் தொடர்பில்லை. சாதாரணப் படத்துக்கு ஒலி எல்லையில் செங்குத்தாக விழுவது நல்லது. டாப்ளருக்கு அது ஆகாது: ரத்தக்குழாய்க்குச் செங்குத்தாகப் பிடித்தால் ஓடும் ரத்தமும் நின்றது போலத் தெரியும். அதனால்தான் கழுத்துத் தமனியைப் பார்க்கும்போது ஒலிக்கற்றை சாய்வாகச் செலுத்தப்படுகிறது.