கரிசல் மண்ணின் கறுப்பு எங்கிருந்து வந்தது?

சித்திரை, வைகாசியில் அருப்புக்கோட்டைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஐப்பசி மழை விழுந்ததும் அதே வெடிப்பு மூடிக்கொள்ளும். மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது!

இந்த மண் எருவையும் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது.

"கறுப்பு மண்ணில் மட்கு அதிகம்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கரிசல் மண்ணை எடுத்துச் சோதித்தால், 100 பங்கில் மட்கின் கரிச்சத்து பெரும்பாலும் 1 பங்குகூட இருப்பது இல்லை. அந்தக் கொஞ்சம் மட்கு, களிமண்ணோடு இறுகக் கலந்து, காடு முழுவதையும் கறுப்பாக்கி இருக்கிறது.

6 கிராமில் ஓர் ஏக்கர்!

கரிசலில் இருக்கும் களிமண்ணுக்கு "மாண்ட்மோரிலோனைட்" என்று பெயர். பிரான்சு நாட்டில் மாண்ட்மோரில்லன் என்ற ஊரில் கிடைத்ததால், 1847-ல் அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள்.

இதன் துகள் ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்குக்கும் சிறியது. அந்தத் துகளும் ஒரே கட்டி அல்ல. புத்தகம்போல் ஏடு ஏடாக அடுக்கி இருக்கிறது. ஏடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்புகிறது, வற்றினால் வெடிக்கிறது. எல்லா ஏடுகளையும் பிரித்து விரித்தால், வெறும் 6 கிராம் தூய களிமண் ஏறக்குறைய ஓர் ஏக்கர் பரப்பு வரும்! செவல் மண்ணில் மிகுதியாக உள்ள "கயோலினைட்" களிமண்ணுக்கு இதில் மிகச் சிறு பங்குதான் தேறும்.

சாணமும் சருகும் அழுகும்போது உண்டாகும் பொருள்கள் இந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. களிமண்ணும் மட்கும் ஒரே வகை மின்னேற்றம் உள்ளவை, தாமாகச் சேரா. கரிசலில் சுக்கான் கல் கிடப்பதைப் பார்த்து இருப்பீர்கள். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் நடுவில் நின்று இரண்டையும் கோத்து வைக்கிறது.

மட்கைத் தின்னும் நுண்கிருமிகள் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாது. அவை சுரக்கும் செரிமானச் சாறும் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு வேகம் இழக்கிறது. வெட்ட வெளியில் சில மாதங்களில் அழிந்துபோகும் பொருள், களிமண்ணின் பிடியில் பல நூறு ஆண்டுகள்கூட இருந்துவிடுகிறது.

காப்பதும் உடைப்பதும்

களிமண் காவல்காரன் மட்டும் அல்ல; வேலைக்காரனும்கூட. சில பொருள்களை அது உடைத்து, உருமாற்றியும் விடும். யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சு என்ஜினீயர் இதைப் பயன்படுத்திக்கொண்டார். அமிலத்தில் பதப்படுத்திய இதே இனக் களிமண்ணைக் கொண்டு கனத்த எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் ஆக்கினார். 1937-ல் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், அவருடைய முறையில் பெரிய ஆலையே ஓடியது.

இவ்வளவு பிடிப்பு இருந்தும் கரிசலில் மட்கு ஏன் குறைவு? வெயில் ஒரு காரணம். மழை இன்னொரு காரணம். காய்ந்து வெடித்த மண் நனைந்ததும், கட்டிகள் உதிர்ந்து, ஒளிந்து இருந்த மட்கு வெளியே வருகிறது. கிருமிகள் அதன்மேல் பாய்கின்றன. மண்ணில் இருந்து கரியமில வாயு குபீர் என்று கிளம்புகிறது. கென்யா நாட்டில் பணியாற்றிய பர்ச் என்ற விஞ்ஞானி 1958-ல் இதைப் பற்றி எழுதினார். அதனால் இதற்கு "பர்ச் விளைவு" என்றே பெயர். வெடிப்பதும் மூடுவதுமாக இருக்கும் மானாவாரிக் காட்டுக்கு இந்தச் செலவு ஆண்டுதோறும் உண்டு.

செலவை ஈடு கட்ட வரவு வேண்டும் அல்லவா? பருத்திமாரையும் சோளத்தட்டையையும் காட்டிலேயே கொளுத்தினால், களிமண்ணுக்குப் பிடித்து வைக்க எதுவும் மிஞ்சாது. சாம்பல் காற்றோடு போகும்.

குண்டாற்றங்கரைத் திருச்சுழிப் பக்கத்துக்காரர்களுக்கு ஆட்டுக்கிடை புதிது அல்ல. அறுப்பு முடிந்த காட்டில் கிடை போடுவது நல்ல வழக்கம்தான். ஆனால் புழுக்கை மேலேயே கிடந்து காய்ந்தால், அதில் உள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். களிமண் தன்னைத் தொட்டதைத்தான் பிடிக்கும். கிடை கிளம்பிய பிறகு, முதல் கோடை மழை ஈரத்திலேயே ஓர் உழவு போட்டுவிட வேண்டும்.