விலைக்கு வரும் பிரபுத்துவம்

இங்கிலாந்தில் பணம் கொடுத்தால் ‘பிரபு’ ஆகலாம் என்றால் நம்புவீர்களா? ஆகலாம், ஆனால் எந்தப் பிரபு என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

உயர்குடிப் பட்டங்களை விற்பது 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விலைக்கு வருவது ‘மேனர் பிரபு’ என்னும் உரிமை. மேனர் என்பது பழைய பண்ணை ஆதிக்கம். 1086-இல் முதலாம் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் இவை ஊர் ஊராகப் பதிவாகியுள்ளன. 1290-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் புதிய மேனர் உண்டாக்க வழியில்லை. சரக்கு குறைவு, அதனால்தான் கிராக்கி! 1996-இல் விம்பிள்டன் மேனர் 1,71,000 பவுண்டுக்கு ஏலம் போயிற்று.

அன்று இது வெறும் பெயரன்று. பண்ணையாள் வாரத்தில் சில நாள் பிரபுவின் வயலில் கூலியின்றி உழைத்தான். அவன் இறந்தால், இருப்பதில் நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார். அழுகிற வீட்டில் மாட்டையும் பறிப்பது என்ன நியாயமோ! மேனர் ஏட்டின்படி நிலம் வைத்திருக்கும் முறை 1926-இல்தான் ஒழிந்தது.

இன்று வாங்குபவருக்குப் பெரும்பாலும் நிலம் கிடைப்பதில்லை. பெயருக்கு முன் ‘லார்டு’ போட்டுக்கொள்ளவும் உரிமையில்லை. பாஸ்போர்ட்டில் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளலாம், அவ்வளவே.

ஆனால் சில மேனர்களில் நிலத்தடிக் கனிம உரிமை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2013 அக்டோபருக்குள் பதிவு செய்யாத உரிமைகளுக்குப் பாதுகாப்பு குறையும் என்று சட்டம் கெடு வைத்தது. உடனே பலர் பதிவு செய்ய முந்தினர். சொந்த வீட்டில் குடியிருந்தவர்களுக்குத் திடீரென்று பதிவகத்திலிருந்து கடிதம் வந்தது: வீட்டுக்கு அடியிலுள்ள கனிமத்திற்குப் பிரபு உரிமை கோருகிறாராம்!